கழுத்துக்கு மேல எடுக்கல

அய்யய்யோ, மேல வைக்காதம்மா, குடு இங்க. மடியிலயே இருக்கட்டும். சேலை வச்ச பையின்னு நெனச்சியா? நீ நல்ல மனசுலதான் வாங்குன, நான் குத்தம் சொல்லல. ஆனா இது கேமரா. போட்டோ பிடிக்கிறது இல்ல, வீடியோ கேமரா, ஹெச்டி. டிரைவர் ஒரு பிரேக் அடிச்சான்னு வையி, மேல இருந்து விழுந்து என் உசுரே போயிரும். சாத்தூர்ல ஏறுனதுல இருந்து கைப்பிள்ளையைப் பிடிச்ச மாதிரி பிடிச்சிக்கிட்டு வர்றேன்.

நீ எங்க இறங்கணும்? மாட்டுத்தாவணியா? நானும் அங்கதான். என் மருமகளுக்கு வளைகாப்பு. எங்க சொந்தக்காரங்க எல்லாம் வேன் பிடிச்சு வர்றாங்க. எனக்கும் ஜன்னலோரமா இடம் போட்டு வச்சிருக்கேன்னு சொன்னா அவ. நான் வேணாம்னுட்டு பஸ்ல ஏறிட்டேன். அவ போட்டு வச்ச இடத்துல நான் போய் உக்காரணுமா?

அவ யாருன்னு கேக்குறியா? சொல்றேன். இந்த வயசுல இந்தம்மாவுக்கு எதுக்கு இப்படி ஒரு சாமான்னு உன் மூஞ்சியிலயே எழுதியிருக்கே. ஒருத்தியைப் பழிவாங்கத்தான் வாங்குனேன். சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன்.

என் ஓரகத்தி. எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் பொண்டாட்டி. சுந்தரவல்லின்னு பேரு. நேர்ல பாத்தா அக்கா, அக்கான்னுதான் கூப்பிடுவேன், மரியாதையில ஒரு குறை வச்சதில்ல. மனசுக்குள்ள என்ன பேர் சொல்லிக் கூப்பிடுறேன்னு எனக்கும் எங்க குலசாமிக்கும் மட்டும்தான் தெரியும்.

அவ மக பொற்கொடி கல்யாணத்துல ஆரம்பிச்சது இது. அப்ப எங்க வீட்டுக்காரர் இருந்தாரு. மாப்பிள்ளை மண்டப வாசல்ல வந்து இறங்குனதும் ஆரத்தி எடுத்தது நான்தான். அரக்குக் கலர் பட்டு, தலை கொள்ளாத மல்லிகை. அவரு பின்னால நின்னுக்கிட்டு, "ஏ திலகவதி, தட்டைச் சாச்சிராத, மாப்பிள்ளை வேட்டி போச்சு"ங்கிறாரு. நான் திரும்பிப் பாத்துச் சிரிக்கிறேன். அம்புட்டையும் வீடியோக்காரன் பளீர்னு லைட்டை அடிச்சு எடுத்தான். எனக்குக் கண்ணே கூசிப்போச்சு.

அடுத்த பங்குனியிலயே அவரு போயிட்டாரு. நெஞ்சை என்னமோ பண்ணுதுன்னு உக்காந்தாரு, அம்புட்டுதான். காரியமெல்லாம் முடிஞ்சு வீடு வெறிச்சோடிப் போனப்புறம், அவரு நடமாடுறதை ஒரு தடவை பாக்கணும்போல இருந்துச்சு. போட்டோ இருக்கு, மாலை போட்டு மாட்டியிருக்கு. ஆனா போட்டோ பேசாதே. அந்தக் கல்யாண சிடியை வாங்கிட்டு வந்து போட்டேன். ஆரத்தி வருது. நான் தட்டை எடுக்குறேன். அவரு பின்னால வந்து நிக்கிறாரு. சரியா அந்த நேரம் பாத்து மூலையில இருந்து ஒரு ரோஜாப்பூ சுத்திக்கிட்டே வருதும்மா! வர வரப் பெருசாகுது. வந்து எங்க ரெண்டு பேர் மூஞ்சியிலயும் உக்காந்துக்கிருச்சு. அதுக்குள்ள இருந்து பொண்ணும் மாப்பிள்ளையும் ஈன்னு சிரிக்கிறாங்க. பூ விலகும்போது ஆரத்தி முடிஞ்சு போச்சு, அவரையும் காணோம். என்ன பேசுனாருன்னு கேக்கவும் இல்ல, மேல சினிமாப் பாட்டைப் போட்டு அமுக்கிட்டான்.

இனிமே நான் ஆரத்தி எடுக்க முடியுமா, சொல்லு? பூவும் பொட்டும் போன பிறகு யாரு என் கையில தட்டைத் தருவா? அதுதான் கடைசி. அந்தக் கடைசியில போயி பூவைப் போட்டு மூடிட்டாங்க.

வீடியோக்காரன் பால்துரையைப் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன். "யம்மா, அது நாங்க எல்லாக் கல்யாணத்துக்கும் போடுறதும்மா. ஆரத்தின்னா ரோஜா, தாலின்னா ஹார்ட்டு. யாரு என்னன்னு பாத்துப் போடுறதில்ல"ங்கிறான். சரி, பூ இல்லாததைக் குடுடான்னா, அந்தக் கேசட்டுல வேற கல்யாணம் எடுத்தாச்சாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறான். அவ சொல்லாம இவன் செஞ்சிருப்பானா? ஊசி இடம் குடுக்காம நூல் நுழையுமா? எங்க நாத்தனார் சொல்லுது, தாலி கட்டும்போது சுந்தரவல்லி அழுத இடத்துலயும் ஒரு ஹார்ட்டு வந்து அவளை மறைச்சிருச்சே, அதுக்கு என்ன சொல்றேன்னு. எனக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னு அவளே போடச் சொல்லியிருப்பா. அவளை உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அன்னைக்கு முடிவு பண்ணேன். என் மகன் கதிரேசன் மஸ்கட்ல இருக்கான். லீவுக்கு வர்றதுக்கு முன்னாடி போன்ல கேட்டான், அம்மா உனக்கு என்ன வேணும், வளையல் எடுக்கட்டுமான்னு. வளையலைப் போட்டு யாருக்குக் காட்டப்போறேன், ஒரு வீடியோ கேமரா கொண்டாடான்னேன். வளையலா, கேமராவான்னு ரெண்டு தடவை கேட்டான் பையன். லைன் சரியில்லன்னு நெனச்சிட்டான் போல.

கொண்டாந்தான். பெட்டியைப் பிரிச்சா, இத்துனூண்டு இருக்கு. எனக்குச் சப்புன்னு போயிருச்சு. பால்துரை தோள்ல தூக்கி வச்சிருப்பானே, அது மாதிரி இருக்கும்னு பாத்தேன். இது சோப்பு டப்பா அளவுதான். கடைக்காரன் ஏமாத்திட்டாண்டான்னேன். "கையை உள்ள விடும்மா"ன்னான். பக்கத்துல ஒரு வாரு இருக்குல்ல, அதுக்குள்ள கையை விட்டு இறுக்கினா, அப்படியே உள்ளங்கையில ஒட்டிக்கிது. இந்தா, இந்தச் சின்னக் கதவைத் திறந்தா டிவி மாதிரி தெரியும். கட்டை விரல்ல ஒரு அமுக்கு, சிவப்பா ஒரு புள்ளி வரும், ஓட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். கேசட் கெடையாது, எறும்பு இழுத்துட்டுப் போற அளவுக்கு ஒரு கார்டுதான். கூடவே ஒரு புக்கு குடுத்திருக்கான், அரபியிலயும் இங்கிலீஷுலயும். தமிழ்ல ஒரு எழுத்து இல்ல. நான் யாரையும் கேக்கல. அமுக்கி அமுக்கி நானே படிச்சுக்கிட்டேன்.

தெளிவுன்னா தெளிவு, அப்படி ஒரு தெளிவும்மா. மொதல்ல அவரு போட்டோவைத்தான் எடுத்தேன். டிவியில மாட்டிப் பாத்தா, கண்ணாடி மேல இருக்கிற தூசி தெரியுது, நான் வச்ச குங்குமம் ஒரு பக்கம் வழிஞ்சிருக்கிறது தெரியுது. தினமும் கும்பிடுறேன், என் கண்ணுக்குத் தெரியல. அப்புறம் மொட்டை மாடியில நின்னு ஜூம்னு ஒண்ணு இருக்கு பாரு, அதைத் தள்ளினேன். அடுத்த தெருவுல மேகலா வத்தல் காயப்போடுறா. காக்கா ஒரு வத்தலைத் தூக்கிட்டுப் போகுது, அவ திட்டுறா, அவ பல்லுல வெத்தலைக் கறை இருக்குது. எங்கேயோ நிக்கிறா, மூஞ்சி என் கைக்குள்ள இருக்கு! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. மேகலாவுக்கே இப்படின்னா சுந்தரவல்லிக்கு எப்படி இருக்கும்னுதான் மொதல்ல தோணுச்சு. எனக்கு வேற எதுவும் தோணலையே!

கொஞ்ச நாள்லயே பொற்கொடி பிள்ளைக்குக் காதுகுத்து வந்துச்சு, குலசாமி கோயில்ல. காதுகுத்துன்னா எல்லாரும் பிள்ளையை எடுப்பாங்க. நான் அவளை எடுத்தேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு எடுத்தேன். காது ஓரத்துல சாயம் போன நரை, மூக்கு நுனியில வேர்வை, தாடையில ரெண்டு முடி. அப்புறம் பந்தி. கறிச்சோறு. அவ எலும்பைக் கடிக்கிறதை இம்மி விடாம எடுத்தேன். அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வீட்டுக்கு வரச்சொல்லி, காபி போட்டுக் குடுத்து, பெரிய டிவியில போட்டுவிட்டேன். அவளைத்தான் முன்னால உக்கார வச்சேன்.

அங்கதான் ஒரு சங்கதி நடந்துபோச்சு. படத்தைப் பிடிக்கிறவ வாய்க்குப் பக்கத்துலதான் மைக் இருக்குன்னு எவன் சொன்னான்? அந்த இங்கிலீஷ் புக்குல போட்டிருப்பான் போல. டிவியில சுந்தரவல்லி எலும்பைக் கடிக்கிறா, உடனே ஒரு குரல், கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, "தின்னு, நல்லாத் தின்னு, ஊரான் வயித்தெரிச்சலையும் சேத்துத் தின்னு"ங்குது. யாரு குரலு? என் குரல்தான். நான் மனசுக்குள்ள சொன்னதா நெனச்சிக்கிட்டு இருந்தேன். வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். எங்க கொழுந்தன் மக காபி டம்ளரையே பாத்துக்கிட்டு இருக்கு.

அவ என்ன செஞ்சா தெரியுமா? சிரிச்சா. "பாத்தியா, நம்ம திலகா என்னைய எப்படி உபசரிச்சிருக்கா! நல்லாத் தின்னு, நல்லாத் தின்னுன்னு சொல்லிக்கிட்டே எடுத்திருக்கா"ன்னா. எல்லாரும் கலகலன்னு சிரிச்சிட்டாங்க. மிச்சத்தை யாரும் காதுல வாங்காத மாதிரி ஆக்கிட்டா. போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எம்புட்டு நரை தெரியுது திலகா, நல்லவேளை காட்டுன, கல்யாணத்துக்கு முன்னாடி சாயம் அடிச்சிக்கிறேன்"னுட்டுப் போறா. என்னா நெஞ்சழுத்தம் பாரு! திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு ஆறியிருக்கும். ஒருத்தியைப் பழிவாங்க வந்தா, அவ வாங்கிக்கணும்ல? வாங்கிக்காம போனா நம்ம கையிலயேல்ல கெடக்கு!

கல்யாணம்னாளே, அது என் மகன் கதிரேசன் கல்யாணம். பொண்ணு மதுரை, சிவரஞ்சனி. தங்கமான பிள்ளை. நாள் குறிச்ச அன்னைக்கே பெரியவங்க பேச்சை எடுத்துட்டாங்க. தகப்பன் இல்லாத பிள்ளை, அம்மாவும் தாலி இறக்குனவ. எங்க வழக்கப்படி நான் மணையில உக்காரக் கூடாது. பெரியப்பனும் பெரியம்மாவும் தாய் தகப்பன் இடத்துல உக்காந்து எல்லாச் சாங்கியமும் செய்யணும். பெரியம்மான்னா யாரு? அவதான். பாதபூஜைன்னு ஒண்ணு இருக்கில்ல, மாப்பிள்ளை பெத்தவங்க காலைத் தாம்பாளத்துல வச்சு, பால் ஊத்திக் கழுவி, மஞ்சள் குங்குமம் வச்சுக் கும்பிடுறது. அதுவும் அவளுக்கு. நான் பத்து மாசம் சுமந்து பெத்து வளத்தேன், என் பிள்ளை அவ காலுக்குப் பால் ஊத்தணும்.

அன்னைக்குச் சோறு இறங்கல எனக்கு. அழுதேன். பொய் சொல்லுவானேன், நல்லா அழுதேன். அப்புறம் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இதைச் சார்ஜில போட்டேன்.

பொண்ணு வீட்டுல, வீடியோவுக்கு மதுரையிலயே நல்ல ஆளா சொல்லட்டுமான்னு கேட்டாங்க. கூடவே கூடாதுன்னுட்டேன். வீடியோக்காரன் வந்தா எவ சொல்லுக்கு ஆடுவான், எங்க பூவைப் போடுவான்னு எனக்குத் தெரியாதா? என் மகன் கல்யாணம், என் கேமரா. யாரு இருக்கணும், யாரு இருக்கக் கூடாதுன்னு நான் முடிவு பண்றேன். என் திட்டம் என்னன்னா, அவளை எடுக்கிறது, ஆனா கழுத்துக்கு மேல எடுக்காம எடுக்கிறது. கை வரும், சேலை வரும், தட்டு வரும். மூஞ்சி வராது. எத்தனை வருஷம் கழிச்சுப் போட்டாலும் அவளுக்குத் தலையே இருக்காது.

அப்படியேதான் எடுத்தேன். பரிசம் மாத்துறா, தலை இல்ல. முகூர்த்தக்கால்ல நீர் ஊத்துறா, தலை இல்ல. என் மனசு குளுந்து போச்சு. அங்க ஓடுறேன், இங்க ஓடுறேன், நாற்காலி மேல ஏறி நிக்கிறேன். போட்டோக்காரன் கூடக் குடும்பமா நிக்கச் சொல்லி என்னையக் கூப்பிட்டான். பேட்டரி மாத்திக்கிட்டு இருந்தேன், நீங்க எடுங்கன்னுட்டேன். அப்புறம் பாதபூஜை வந்துச்சு. ஜூமைத் தள்ளு தள்ளுன்னு தள்ளி, தாம்பாளம், அதுல ரெண்டு காலு, என் பிள்ளை கை, இம்புட்டு மட்டும் வச்சேன். ஏன் அப்படி வச்சேன்னு உனக்கு மட்டும் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிராத. வெறும் காலு யாரு காலுன்னு பின்னாடி யாருக்குத் தெரியப்போகுது? பேரன் பேத்தி வந்து பாக்கும்போது, இது அப்பத்தா காலுடான்னு சொல்லிக்கிடலாம்ல. அதுக்குத்தான்.

கல்யாணம் முடிஞ்சு மறுவாரம் எல்லாரும் உக்காந்து பாத்தோம். அப்பா, என்ன தெளிவு! பால் சொட்டுறது முத்து முத்தாத் தெரியுது. எல்லாரும் வாயைப் பொளந்துட்டாங்க. அந்தக் காலு வருது. ரெண்டு விரல்லயும் மெட்டி. பளபளன்னு மெட்டி. எடுக்கும்போது இந்தச் சின்னக் கதவுல தெரியல, டிவியில கண்ணைக் குத்துது. மெட்டி போட்ட காலை நான் எப்படி என் காலுன்னு சொல்ல? பால்துரை கேமராவா இருந்தா மாவு கரைச்ச மாதிரி மசமசன்னு இருக்கும், மெட்டியாவது ஒண்ணாவது. இம்புட்டுத் தெளிவா எடுக்கச் சொல்லி எவன் கேட்டான்?

படம் முடிஞ்சதும் சிவரஞ்சனி கேட்டுச்சு, "அத்தை, எல்லாரும் இருக்காங்க, உங்களைத்தான் எங்கயுமே காணோம்"னு. நான் அது எப்படி இல்லாமப் போகும்னு திரும்ப மொதல்ல இருந்து போட்டேன். சமையக்காரன் இருக்கான், செருப்பு பாத்துக்கிட்டவன் இருக்கான், பந்தியில நுழைஞ்ச நாய் இருக்கு. நான் இல்ல. ஒரு இடத்துல தரையில என் நிழல் கெடக்கு, அவ்வளவுதான். கேமராவை நான்தானம்மா வச்சிருந்தேன்! நான் எப்படி வருவேன்? இது எனக்குத்தான் தோணல, விடு. மண்டபம் நிறைய ஆளு இருந்துச்சே, ஒருத்தருக்காவது தோண வேணாம்? சிரிக்கிறியா? நீயும் என்னைய லூசுன்னுதான நெனைக்கிற?

இரு, போட்டே காட்டுறேன், நீயே நாயத்தைச் சொல்லு. வெயில் அடிக்குது, முந்தானையை வச்சு மறைச்சிக்க. கள்ளிக்குடி தாண்டியாச்சா? தாண்டட்டும். தெரியுதா? இது கதிரேசன் கை. பால் சொம்பைப் பிடிச்சிருக்கான். இப்பக் கேளு, காதைக் கிட்டக்க வையி.

"திலகா, அதை யாருட்டயாவது குடுத்துட்டு இங்க வா." கேட்டுச்சா? அது அவ. "நான் எந்திரிச்சுக்கிறேன், நீ வந்து உக்காரு. நீ பெத்த பிள்ளை, உன் காலைக் கழுவட்டும். எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கிறேன்." ஊருக்கு முன்னால நல்லவ வேஷம் போடுறா, பாத்தியா? அந்தா காலு தாம்பாளத்தை விட்டு எந்திரிக்குது பாரு. இப்ப என் குரலு. "ஆடாதீங்கக்கா, ஃபோகஸ் போகுது." நான்தான். மறுபடியும் அவ, "திலகா, வா, நல்ல நேரம் போகுதுல்ல." அப்புறம் நான், "நீங்களே உக்காருங்க, எனக்கு இங்க வேலை கெடக்கு." இப்ப என் மகன். "அம்மா, வாம்மா." இந்த இடத்துல கை லேசா நடுங்குது, அவன் கை இல்ல, படமே நடுங்குது, அது என் கை. சொம்பை வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிக்கிறான் பாரு, என் பிள்ளை.

இப்பப் பாரு, காலு திரும்பத் தாம்பாளத்துக்குள்ள வருது. மெதுவா வந்து வைக்கிறா. பால் ஊத்துறான். அம்புட்டுதான், முடிஞ்சிருச்சு.

நீயே சொல்லும்மா, நான் ஒரு பேச்சுக்கு வேணாம்பேன். எந்தப் பொம்பளையும் அப்படித்தான் சொல்லுவா. கூப்பிட்ட உடனே ஓடிப்போய் உக்காந்துருவாளா? அவ இன்னும் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திலகான்னு கூப்பிட்டிருந்தா, சத்தியமாச் சொல்றேன், இந்தச் சனியனை அங்கயே போட்டுட்டுப் போய் உக்காந்திருப்பேன். கூப்பிடலையே! வாயை மூடிக்கிட்டுக் காலை நீட்டிட்டாளே! இதை மட்டும் நான் சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.